கதவைத் திறந்துவிட்டு வந்தவர்

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ரொட்டிக்காரர். ரொட்டி சுடுகிறவர் இல்லை, சுட்ட ரொட்டியை வண்டியில் ஏற்றிக் கடை கடையாக இறக்குகிறவர். விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பி, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கட்டிலில் விழுந்துவிடுவார். அந்த மதியத் தூக்கத்தில் யாராவது கை வைத்தால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். அதில் துணிந்து கை வைத்தவள் உலகத்திலேயே ஒருத்திதான், அவர் மனைவி. அதுவும் வாராவாரம், தனக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்து, துடைப்பக் கட்டையோடு வருவாள்.

வீட்டுக் கூரையில் புகை வந்தால் அலறுகிற வட்டக் கருவி ஒன்று இருந்தது. நடுவில் உள்ள பொத்தானை அழுத்திப் பார்த்து அது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். அவள் கட்டையை உயர்த்தி அந்தப் பொத்தானை அழுத்துவாள். அது தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தித் தீர்க்கும். ரொட்டிக்காரர் தலையணையை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டு, தன்னைப் பெண் பார்க்க அனுப்பிவைத்த அத்தனை பேரையும் மனசுக்குள் திட்டுவார்.

இத்தனை அமர்க்களமும் ஒரு பூனைக்காக. அது ஒரு சாம்பல் நிற ஆண் பூனை. பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று வெளியூர் போய் வீடு வெறிச்சோடிக் கிடந்த சமயத்தில், ஒரு மழை நாளில் பால்கனி வழியாகத் தானே உள்ளே வந்தது. வந்ததும் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தது, சமையல் மேடையை மோந்து பார்த்தது, எதுவும் திருப்தியில்லை என்பதுபோல் ரொட்டிக்காரரின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 'இவர்கிட்ட எங்க பேக்கரி மேனேஜர் கெட்டார்' என்று அவர் சொல்லப்போக, அன்றிலிருந்து அதற்கு மேனேஜர் என்றே பேராகிவிட்டது. உரிய மரியாதையையும் சேர்த்துத்தான் எல்லோரும் சொல்வார்கள். மனைவி மட்டும் அவன் இவன் என்று உரிமையோடு பேசுவாள், அவளிடம் பேசும்போது அவருக்கும் அது தொற்றிக்கொள்ளும்.

அவளுக்கு அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுத்துப் பேசுகிற வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு நெருப்பும் வெள்ளமும் அவள் காதுக்குள்தான் நடக்கும். பத்திரமாக வெளியே வந்துவிட்ட மனிதர் நாய்க்குட்டியின் ஞாபகம் வந்து திரும்ப உள்ளே ஓடிவிட்டார் என்று அழுகிற குரல்களை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருக்கிற நேரம்தான் ஆளைக் கொல்கிறது என்பது அவள் கண்ட உண்மை. அதனால் தன் வீட்டில் யாரும் தேடவே கூடாது என்று முடிவு கட்டினாள். சத்தம் கேட்டால் மேனேஜரே வந்து, வாசல் பக்கம் இருக்கிற, பூனையைத் தூக்கிப் போகும் பெட்டிக்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வீட்டில் இருப்பவர் பெட்டியின் சின்னக் கதவைச் சாத்தி, அதைத் தூக்கிக்கொண்டு, வாசல் கதவையும் இழுத்துச் சாத்திவிட்டு இறங்க வேண்டும். புகை படிக்கட்டு வழியாகத்தான் ஏறி வரும், அதனால் கதவைத் திறந்து போட்டுவிட்டு வரவே கூடாது என்று அவரிடம் பல தடவை சொல்லியிருந்தாள்.

ரொட்டிக்காரருக்குச் சிரிப்பு வரும். அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. முன்பு ஒருமுறை ஊசி போடக் கூட்டிப் போவதற்காக மேனேஜரைப் பெட்டிக்குள் தள்ளப் பார்த்தபோது, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு கோடாகக் கிழித்துவிட்டது. அவரைப் பொறுத்தவரை மேனேஜரும் பெட்டியும் கீரியும் பாம்பும். மனைவி பொறுமையாகப் பெட்டிக்குள் பழைய துண்டு விரித்து, அதிலேயே சாப்பாடு வைத்துப் பழக்கி, பிறகு சத்தத்துக்குப் பழக்கி, உள்ளே போய் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால்தான் மீன் பிஸ்கட் என்று மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்ததை அவர் பார்க்கவே இல்லை. சத்தம் கேட்டதும் அவர் தலைதான் தலையணைக்குள் போய்விடுமே.

ஒரே ஒரு முறை, 'நீங்களும் ஒருநாள் எழுந்து வந்து செஞ்சு பாருங்களேன்' என்று கெஞ்சிக் கேட்டாள். அவர் கட்டிலில் நாக்கைத் தொங்கவிட்டபடி படுத்துக்கொண்டு, தான் மயங்கிவிட்டதாகவும், முதலில் தன்னைத் தூக்கச் சொல்லியும், மேனேஜர் மெதுவாக நடந்து வருவார் என்றும் கூத்தடித்தார். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததை வைத்து, அவளுக்கும் இது பாதி விளையாட்டுத்தான் என்று அவர் முடிவு செய்துகொண்டார். பெட்டிக்குள் வைத்திருந்த உணவு டின்களையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து ஆணியில் தொங்குகிற பையில் மாற்றிவிட்டதாக வேறொரு நாள் சொன்னாள். அவர் போனில் மறுநாள் சரக்குக் கணக்கைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டி வைத்தார். அவள் சொன்னது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மெத்தைக்கடை. அந்த மதியம் தீப்பிடித்தது அங்கேதான். ரொட்டிக்காரர் இரண்டாம் மாடியில் வழக்கம்போல் தூங்கிக்கொண்டிருந்தார். வாசல் கதவின் இடுக்கு வழியாக வந்த புகையில் கூரைக் கருவி அலறியது. 'ஆரம்பிச்சுட்டா' என்று முனகிவிட்டுத் தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவருடைய தலை தலையணைக்குள் இருந்த அந்தச் சில நொடிகளில் மேனேஜர் தன் கடமையை முடித்திருந்தார். நாற்காலியிலிருந்து குதித்து, கூடத்தைக் கடந்து, செருப்பு அலமாரிக்கு அருகே இருந்த பெட்டிக்குள் நுழைந்து, துண்டின் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டார்.

மனைவி வேலைக்குப் போயிருப்பது ரொட்டிக்காரருக்கு அப்புறம்தான் உறைத்தது. எழுந்து ஓடி வந்து வாசல் கதவைத் திறந்தார். படிக்கட்டில் புகை கறுப்பாகச் சுருண்டு ஏறிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே ஓடினார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால், பீரோவின் மேல், சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கிற அறைக்குள் என்று ஓர் இடம் விடாமல் தேடினார். மேனேஜர், மேனேஜர் என்று தொண்டை வறளக் கத்தினார். பெட்டிக்குள் மட்டும் பார்க்கவில்லை. பெட்டியைக் கண்டாலே பல்லைக் காட்டுகிற பூனை தானாக அதற்குள் போய் உட்காரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

மேல் மாடிக்காரர் யாரோ கதவைத் தட்டி, சீக்கிரம் இறங்கச் சொல்லிவிட்டு ஓடினார். ரொட்டிக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். பால்கனிக் கதவை அகலத் திறந்தார். வாசல் கதவை முழுக்கத் திறக்க விடாமல் பெட்டி குறுக்கே இருந்தது. காலால் ஒதுக்கித் தள்ளினார். கனமாக நகர்ந்தது. 'இந்த டின்களைப் போட்டு அடைச்சு வச்சிருக்கா' என்று எரிச்சலோடு நினைத்ததுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. எந்தப் பக்கம் தோன்றுகிறதோ அந்தப் பக்கம் ஓடிப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று வாசல் கதவையும் திறந்தபடியே விட்டுவிட்டு, ஈரத் துண்டை மூக்கில் பொத்திக்கொண்டு இறங்கினார். அந்தக் கதவை அவர் பாசத்தோடுதான் திறந்து விட்டார். அதை யாரும் மறுக்க முடியாது.

மனைவி வந்தபோது தீயணைப்பு வண்டிகள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. அலுவலக அடையாள அட்டை கழுத்தில் ஆட ஓடி வந்தவள், அவரை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். அடுத்ததாக அவருடைய வெறுங்கைகளைப் பார்த்தாள்.

"பெட்டி எங்கங்க?"

எந்தப் பெட்டி என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள், தள்ளும்போது உணர்ந்த கனம் அவருடைய காலில் திரும்ப வந்தது. அண்ணாந்து பார்த்தார். இரண்டாம் மாடியில், அவர் திறந்துவிட்டு வந்த பால்கனி வழியாகப் புகை புசுபுசுவென்று வெளியே வந்துகொண்டிருந்தது. திரும்பினால் மனைவியின் முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிஜத்தைச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"பெட்டியில இல்லம்மா. பால்கனி வழியா வெளியே போயிட்டான். நானே பார்த்தேன்."

அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு பின்பக்கச் சந்துக்கு ஓடினாள், அவனைத் தேட.

நெருப்பு மெத்தைக்கடையைத் தாண்டவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு ஒருவர் வீதம் போய், வேண்டிய துணிமணியை எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். தானே போவதாக ரொட்டிக்காரர் முந்திக்கொண்டார். எதிர்வீட்டு டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போன கதவைத் திறந்ததும், வேகமாக நடக்க முடியாத அவருடைய கிழட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு குரைத்தது. சாத்திய கதவு அந்த வீட்டைக் காப்பாற்றியிருந்தது. உள்ளே சுவர்கூட வெள்ளையாகவே இருந்தது. ரொட்டிக்காரர் தன் வீட்டுக்குள் நுழைந்தார். தரையிலிருந்து கூரை வரை ஒரே கரி. எதுவும் எரியவில்லை. புகை மட்டும் வாசல் வழியாக வந்து பால்கனி வழியாகப் போயிருந்தது, அவர் வழி காட்டிய மாதிரியே.

பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். மேனேஜர் முன்கால்களை மடித்து வைத்துக்கொண்டு, முகத்தை வாசல் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தார். மூக்கைச் சுற்றி மட்டும் கறுப்பாக இருந்தது. உயிர் இல்லை என்பது தொட்டதும்தான் தெரிந்தது. ரொட்டிக்காரர் தன் அப்பா போனபோதுகூட அப்படி அழுததில்லை. வெளியே கேட்டுவிடக் கூடாதென்று முழங்கையைக் கடித்துக்கொண்டு அழுதார்.

பிறகு துண்டோடு தூக்கிப் பைக்குள் வைத்து, மேலே சட்டைகளைப் போட்டு மூடினார். பூனை உட்கார்ந்திருந்த தடம் தெரியாதபடி பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்தார். பையோடு இறங்கி வந்து, அக்கா வீட்டில் படுக்க இடம் கேட்டுவிட்டு வருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். முதலில் போனது பேக்கரிக்கு. அங்கே மாவு மூட்டை இறக்குகிற கொட்டகைக்குப் பின்னால், தானே குழி தோண்டிப் புதைத்தார். அவருக்கு இன்றுவரை விளங்காதது ஒன்று உண்டு. அப்போதே சொல்லியிருந்தால் ஒரு அழுகையோடு போயிருக்கும். ஏன் சொல்லவில்லை?

வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளை அடிக்கும்வரை அவருடைய அக்கா வீட்டில் தங்கினார்கள். அக்கா தங்கமானவள்தான், வாய் மட்டும் சும்மா இருக்காது. ஆள் பிழைத்ததே பெரிது, ஒரு பூனைக்காகவா தம்பி பெண்டாட்டி சோறு தண்ணி இல்லாமல் அலைகிறாள் என்று இடித்துக் காட்டினாள். மனைவி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்ததும் மேனேஜரின் படத்தை ஒட்டுவதற்குப் பசையும், தட்டிக் கூப்பிடுவதற்கு பிஸ்கட் டப்பாவும் ஸ்பூனுமாகக் கிளம்பிவிடுவாள். தெருத் தெருவாக, கார்களுக்கு அடியிலும் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னாலும் குனிந்து தேடுவாள். தேடவே கூடாது என்று அத்தனை பாடுபட்டவள் இப்போது தேடுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அவளைத் தனியாக அனுப்ப ரொட்டிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. கூடவே போனார். அவள் டப்பாவைத் தட்டுவாள். இவர் கூப்பிடாமல் சும்மா நடந்தால் சந்தேகம் வந்துவிடுமே. முதல் நாள் மெதுவாகக் கூப்பிட்டார். 'உங்க குரல்னா அவனுக்கு ரொம்பப் பிடிக்கும், நல்லாச் சத்தமாக் கூப்பிடுங்க' என்றாள். அன்றிலிருந்து அவர் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி மேனேஜர், மேனேஜர் என்று கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். தன் கையால் மண்ணைத் தள்ளி மூடிய உயிரை வாய் வலிக்க அழைத்தார். ஏதோ தூரத்துப் பேட்டையில் சாம்பல் பூனை ஒன்றைப் பார்த்ததாக யாராவது போன் செய்வார்கள். அவள் முகம் மலர்ந்துவிடும். ரொட்டி வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு அங்கேயும் போவார். அது வேறு ஏதாவது பூனையாக இருக்கும். அவள் அதற்கும் ஒரு பிஸ்கட் வைத்துவிட்டு வருவாள்.

வீடு திரும்பிய அன்று, கரி படிந்த பெட்டியை அவள் கையில் எடுத்தாள். சின்னக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். துண்டு எங்கே என்று கேட்பாளோ என்று ரொட்டிக்காரர் பயந்தார். அவள் கேட்டது அதையல்ல.

"நல்ல வேளை, நான் சொல்லிக் கொடுத்ததை அவன் கேக்கல. கேட்டிருந்தா இதுக்குள்ள உட்கார்ந்து செத்திருப்பான். என் கையாலேயே கொன்ன மாதிரி ஆகியிருக்கும். நீங்களும் நான் சொன்னதைக் கேக்காம கதவைத் திறந்து விட்டீங்க பாருங்க, அதுதான் அவனைக் காப்பாத்துச்சு."

நிஜத்தைச் சொல்ல அவர் மெல்ல மெல்லத் தைரியம் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பேச்சில் அத்தனையும் கரைந்துபோனது. இனிமேல் சொன்னால் அவருடைய குற்றம் மட்டும் வெளியே வராது. அவள் மாதக்கணக்கில் பாசமாகப் பழக்கிய பழக்கம்தான் பூனையை அந்த இடத்தில் உட்கார வைத்தது என்பதும் சேர்ந்து வரும். வாயை மூடிக்கொண்டிருப்பதே அவளுக்குச் செய்கிற நன்மை என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டார். கோழைக்கு நல்லவன் வேஷம் எப்போதுமே அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தும்.

கட்டடத்து ஆட்கள் எல்லோரும் ஒரு விடுமுறை நாளில் மொட்டை மாடியில் கூடினார்கள். மறுபடி இப்படி நடந்தால் என்ன செய்வது என்று பேசத்தான். கட்டடச் செயலாளர் தண்ணீர்க் குழாய், படிக்கட்டு, மெத்தைக்கடையை அங்கே விடலாமா கூடாதா என்று ஏதேதோ பேசிவிட்டு, வீட்டில் நாய் பூனை வைத்திருப்பவர்களுக்கு ரொட்டிக்காரர் வீட்டம்மா சொல்வார் என்று உட்கார்ந்தார். அவளுடைய வேலையை முன்னிட்டு அவள் சொல்லுக்கு அங்கே தனி மதிப்பு இருந்தது. தான் பெட்டி வைத்துப் பழக்கியதையும், அது வீணாய்ப் போனதையும், திறந்து விட்ட கதவுதான் தன் பூனையைப் பிழைக்க வைத்தது என்பதையும் அவள் எடுத்துச் சொன்னாள். எதிர்வீட்டு டீச்சர், இந்த முறை தன் நாய் பிழைத்தது ஏதோ அதிர்ஷ்டம், அந்த நாயால் வேகமாக ஓட முடியாதே, தூக்கவும் தன்னால் முடியாதே, அப்படியானால் தானும் கதவைத் திறந்து விட்டுவிட்டு இறங்க வேண்டுமா என்று கேட்டார்.

"ஆமாக்கா. வாசல், பால்கனி ரெண்டையும் திறந்து விட்டுடுங்க. அதுங்க வழியை அதுங்களே பார்த்துக்கும்."

டீச்சர் தலையை ஆட்டினார். இன்னும் நாலைந்து பேர் ஆட்டினார்கள். மேல் மாடியில் முயல் வளர்க்கிறவர் போனில் குறித்துக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ரொட்டிக்காரருக்கு, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்த அந்தக் கிழட்டு நாய் கண்முன்னே நின்றது. தான் சொன்ன ஒரு பொய், அத்தனை வீட்டுக் கதவுகளையும் திறந்துவிடப் போகிறது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"திறக்காதீங்க. நான் திறந்து விட்டதாலதான் அவன் செத்தான். அவன் பெட்டிக்குள்ளதான் இருந்தான். நான் பார்க்காம, காலால தள்ளிட்டு வந்துட்டேன்."

அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. டீச்சர் பக்கம் திரும்பி, தான் சொன்னது தப்பு, கதவை இழுத்துச் சாத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும், சாத்திய கதவு நெடுநேரம் புகையைத் தடுக்கும், தூக்க முடிந்தால் பெட்டி, முடியாவிட்டால் உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்தினால் போதும் என்று நிதானமாக, ஒன்று விடாமல் விளக்கினாள். முயல்காரரிடம், குறித்ததை அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னாள். எல்லோரும் எழுதி முடித்தபிறகு கணவரிடம் வந்து, அவனைப் புதைத்த இடத்துக்குத் தன்னைக் கூட்டிப் போகச் சொன்னாள்.

வண்டியில் அவர் எல்லாவற்றையும் சொன்னார், தலையணையிலிருந்து கொட்டகை வரைக்கும். எப்படி உட்கார்ந்திருந்தான் என்று மட்டும் இடையில் கேட்டாள். வாசலைப் பார்த்து, கையை மடிச்சு வச்சுக்கிட்டு என்றார். சரியாத்தான் செஞ்சிருக்கான் என்றாள். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவர் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு மறு கையால் அவளைத் தொடப் போனார். அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

கொட்டகைக்குப் பின்னால் மண் இறுகி, புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. அவர் இடத்தைக் காட்டினார். அவள் உட்கார்ந்து மண்ணைக் கையால் தடவினாள். பெட்டியைப் பார்க்காமல் விட்டதற்கும் கதவைத் திறந்து போட்டதற்கும் தன்னை மன்னிக்க வேண்டும் என்று அவர் தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

"அதுக்கெல்லாம் எனக்குக் கோபமே இல்லங்க. பயத்துல யாருக்கும் எதுவும் தோணாது, நான் தினமும் கேக்குறதுதான்." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆனா தெருத் தெருவா, என் பக்கத்துலயே நின்னு, அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களே."

மாவு வண்டி ஒன்று பின்னால் வந்து வழி கேட்டு ஹார்ன் அடித்தது. அவர் போய்த் தன் வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டு, அவளாக எழுந்து வரும்வரை அங்கேயே காத்திருந்தார்.